பட்டினமா, பட்டணமா?

'கெட்டும் பட்டணம் சேர்' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்கி வருகிறது. கைப்பொருள் அனைத்தையும் இழந்தவனும் பட்டணத்தைச் சென்றடைந்தால் எவ்வாறேனும் பிழைத்துக்கொள்வான் என்பது அதன் கருத்து. அவ்வாறாயின், கெடாதவன் செய்யத்தக்கது யாது? உண்ண உணவும், உறங்க வீடும், உறவு சொல்ல ஓர் ஊரும் உடையவன் அவற்றை விடுத்துப் பட்டணம் செல்லத்தான் வேண்டுமா? இவ்வினாவுக்குப் பழமொழியில் விடை இல்லை. விடையை அவரவர் தாமே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது.

தமிழில் 'பட்டினம்' என்றும் 'பட்டணம்' என்றும் இரு சொற்கள் உள்ளன. கடற்கரையில் அமைந்த ஊர் பட்டினம். பெருநகர் பட்டணம் என்று வேறுபடுத்திக் கூறுவர் அறிஞர். காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், அதிராம்பட்டினம் என்னும் வரிசையில் நம் ஊராகிய காயல்பட்டினமும் வருகிறது. பேச்சு வழக்கில் 'பட்டணம்' என்றால் நம்மவர்க்குச் சென்னை ஒன்றுதான். ஆக, இக்கட்டுரையின் தலைப்பு வெறும் சொல் விளையாட்டன்று. பட்டினத்திலேயே இருந்துவிடுவதா, பட்டணத்தில் குடியேறுவதா என்பது கடந்த ஓராண்டாக நம் இல்லத்தில் நாள்தோறும் பேசப்பட்டு வந்த பொருளாகும்.

நம் மகளும் மருமகனும் சென்னையில் மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றுகின்றனர். மூத்த பேத்திக்கு நான்கு வயது. அடுத்துப் பிறந்த பேரன் இன்னும் தவழத் தொடங்கவில்லை. சட்டப்படி 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு. அவ்விடுப்பு முடிந்த பின்னர்க் குழந்தையைப் பார்த்துக்கொள்வார் யார் என்ற வினா எழுந்தது. 'நீங்கள் இருவரும் இங்கேயே வந்துவிடுங்கள் வாப்பா. இல்லையேல் நான் வேலையை விட்டுவிட வேண்டியதுதான்' என்று மகள் சொன்னாள். நாம் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். நம் துணைவியாரோ பிறந்த வீட்டை விட்டு ஒருபோதும் குடிபெயராதவர். ஒருபுறம் ஒரு பெண்ணின் பணி; மறுபுறம் மூன்று தலைமுறை விளக்கெரிந்த ஒரு வீடு. இவ்விரண்டையும் தராசில் இட்டுப் பார்க்க வேண்டிய நிலை நமக்கு வாய்த்தது.

இலக்கியம் காட்டும் இரு பயணங்கள்

தமிழ் படித்தவர்க்கு எவ்வினா எழுந்தாலும் முதலில் இலக்கியத்தின்பால் செல்வது இயல்பு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை 301 அடிகளைக் கொண்டது. அவற்றுள் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையும் கரிகாலனின் சிறப்பையும் பேசுகிறது. துறைமுகத்துப் பண்டங்கள், சுங்கச் சாவடி, பல மொழி பேசும் மக்கள் எனப் புலவர் விரித்துரைக்கும் காட்சிகள் இன்றும் வியப்பளிப்பவை. ஆயினும் நூலின் உயிர் ஒரு சில அடிகளிலேயே உள்ளது. அத்துணைச் சிறந்த பட்டினமே தனக்குக் கிடைப்பதாயினும், தன் காதலியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்லிப் பயணத்தைத் தவிர்க்கிறான். இதனைச் 'செலவழுங்குதல்' என்பர் இலக்கண நூலார். நகரின் பெருமையை நன்கறிந்தவனே செல்லாது நிற்கிறான் என்பது ஈண்டு நினையத்தக்கது. நகரைத் தாழ்த்திப் பேசிவிட்டு ஊரிலிருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

மற்றொரு பயணம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. பொருளிழந்த கோவலன் கண்ணகியோடு புகாரை விட்டு மதுரைக்குப் புறப்பட்டான். முன்னர்க் கூறிய பழமொழிக்கு இவனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. வழியில் கவுந்தியடிகளின் துணை கிடைத்தது. மதுரையில் மாதரி என்னும் ஆயர்மகள் அடைக்கலம் தந்தாள். முதலாகக் கொள்ளச் சிலம்பும் கையிலிருந்தது. இத்தனையும் இருந்தும் அவன் மாண்டதற்குக் காரணம் என்ன? ஊழ்வினை என்பார் இளங்கோவடிகள். நாமோ அதனோடு மற்றொன்றையும் காண்கிறோம். 'இவன் மாசாத்துவானின் மகன். திருடத்தக்கவன் அல்லன்' என்று எழுந்து சொல்ல அந்நகரின் கடைவீதியில் ஒருவரும் இல்லை. புகார் நகரில் அவனை அறியாதார் இலர். மதுரையில் அவனை அறிந்தார் இலர். புதிய நகருக்குச் செல்பவன் உடைமைகளைக் கொண்டு செல்லலாம். தனக்குச் சாட்சி சொல்லும் ஊரைக் கொண்டு செல்ல இயலாது.

இடம் மாறிய பட்டினங்கள்

ஊரை விட்டுப் போவதா என்று நாம் மயங்குகிறோம். வரலாற்றைப் பார்த்தால், ஊர்களே இடம் மாறியிருக்கின்றன. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று கடலை விட்டு விலகி உள்நாட்டுச் சிற்றூராய் நிற்கிறது. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கரையை வளர்த்துக் கடலை அப்பால் தள்ளியது. வணிகம் கொற்கையை விட்டுக் காயலுக்குச் சென்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரேபியாவிலிருந்து குதிரைகள் வந்திறங்கிய பெருந்துறையாகக் காயலைக் குறிப்பிட்டுள்ளார். அக்காயல் இன்றைய பழையகாயலே என்று ஆராய்ந்துரைத்தார் கால்டுவெல். பின்னர் அத்துறையும் தூர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் காலத்தில் தூத்துக்குடி தலையெடுத்தது.

நம் முன்னோர் ஓரிடத்தில் வேரூன்றி அசையாது நின்றவர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று. இலங்கை, கல்கத்தா, பம்பாய், பின்னர் ஹாங்காங் எனக் காயலர் வணிகத்தின் பொருட்டுச் சென்ற இடங்கள் பல. ஆயினும் அவற்றிலெல்லாம் ஒரு நியதி இருந்தது. ஆண்கள் சென்றனர், வீடும் பெண்டிரும் ஊரில் இருந்தனர். சென்றவர் திரும்பி வந்தனர். இன்றைய பெயர்ச்சியோ குடும்பத்தோடு நிகழ்வது. செல்பவர் மீளாமலும் இருந்துவிடலாம். பழைய பயணங்களைச் சான்று காட்டி இதனை எளிதாக எண்ணிவிடலாகாது.

வளரும் நகரம்

இனிச் சென்னையைக் காண்போம். 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்ற ஒரு கீற்று மணற்கரையில் தொடங்கிய ஊர் இது. 1996இல் சென்னை என்பதே அதிகார முறைப் பெயராயிற்று. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கிலும் வயல்களும் சவுக்குத் தோப்புகளும் இருந்த இடங்களில் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2022இல் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பெற்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். நம் காயலின் மொத்த மக்கள்தொகையே அதே கணக்கெடுப்பில் ஏறத்தாழ 40 ஆயிரந்தான். நம் ஊர் முழுவதையும் சென்னையின் ஈரிரண்டு தெருத்தொகுதிகளில் அடக்கிவிடலாம் போலும்!

நகரங்களைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் இப்னு கல்தூன். துனிஸ் நகரில் 1332இல் பிறந்த இவ்வறிஞர், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் நகர வாழ்வுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார். மக்கள் பெருகப் பெருகத் தொழில்கள் பிரிந்து கிளைக்கின்றன. கூட்டுழைப்பால் ஒவ்வொருவரின் தேவைக்கும் மேற்பட்ட செல்வம் உண்டாகிறது என்கிறார். திலிம்சான் நகரத்து இரவலரினும் ஃபாஸ் நகரத்து இரவலர் நல்ல நிலையில் இருப்பதை எடுத்துக்காட்டுகிறார். பெருநகரில் அடிப்படை உணவுப் பொருள்கள் மலிவாகவும் ஏனைய வசதிகள் விலையேறியும் இருக்கும் என்றும், சிற்றூரார் பெருநகரில் குடியேறத் தடுமாறுவது அதனால்தான் என்றும் அவர் கூறுவது, ஏறத்தாழ ஆறரை நூற்றாண்டு கழிந்தும் பொய்க்கவில்லை. சென்னையில் அரிசியின் விலை நம் ஊர் விலைதான். வாடகையோ மகள் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு!

நகர் தரும் நலன்களை மறுப்பது நன்றி மறப்பதாகும். முதலாவது மருத்துவம். நம் துணைவியாருக்கு இதய நோய் உண்டு. நம் மாவட்டத் தலைநகரில் 2000ஆம் ஆண்டிலும், திருநெல்வேலியில் 1965ஆம் ஆண்டிலும் தோன்றிய அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆயினும் நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் நெல்லை சென்றடைய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இரண்டாவது கல்வியும் பணியும். நம் மகள் கற்ற கணினிக் கல்விக்கு உரிய பணி நம் ஊரில் இல்லை. மூன்றாவது, நம்மைப் போன்ற தமிழாசிரியர்க்குரிய தனிப்பேறு: நூலகங்கள். 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா, 1943இல் நிறுவப்பெற்ற உ.வே.சா. நூலகம், 2010இல் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் எனச் சென்னையில் அவை நிரம்பியுள்ளன. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்கள்கூட, அவர் மறைவுக்குப் பின்னர் 1994இல் சென்னைக்குப் பெயர்ந்து நூலகமாய் மலர்ந்தன. செட்டிநாட்டு வீடொன்றில் இருந்த நூல்கள் நகருக்கு வந்ததால் உலக ஆய்வாளர் அனைவர்க்கும் உரியவாயின. இடம்பெயர்வால் விளையும் நன்மைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நகரின் விலை

இனி மறுபக்கம். முதலில் வீடு. மகளும் மருமகனும் சென்னையில் மூன்று முறை வீடு மாறியிருக்கின்றனர். தொலைபேசியில் பேசும்போது 'வந்து பாருங்கள்' என்று அன்போடு அழைத்த சிலர், பெயரைக் கேட்டவுடன் 'வேறொருவர்க்குப் பேசி முடித்துவிட்டோம்' என்றனர். 'அசைவம் சமைப்பீர்களா?' என்ற வினாவின் உட்பொருளையும் நாம் அறிவோம். அவ்வாறே, பெயரைக் கேட்டும் மகிழ்ந்து இடங்கொடுத்து, மகள் மகப்பேற்று மருத்துவமனையில் இருந்தபோது மூத்த குழந்தையைத் தம் வீட்டில் வைத்து உணவூட்டிய வீட்டுக்காரரும் அந்நகரத்தவரே. அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆகவே நகரத்தார் இத்தன்மையர் என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க நம்மால் இயலவில்லை. வளரும் நகரில் கதவுகள் பல. அவற்றுள் சில திறக்கும், சில திறவா. திறவாத கதவுகளின் முன் நின்று வருந்துவதற்கான பொறுமையும் நகர வாழ்வின் விலையுள் ஒன்று.

அடுத்தது நீர். சென்னை தன் தாகத்தைத் தணிக்கத் தொலைவிலிருந்து நீர் கொணரும் நகரம். 1996இல் கிருஷ்ணா நீர் தமிழக எல்லையை எட்டியது. 2004இல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து குழாய்வழி நீர் வந்தது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் அமைந்தன. இத்தனைக்குப் பின்னும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களைக் கொண்ட தொடர்வண்டி ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்து வந்ததை நாடே கண்டது. தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்து நின்றதை மகள் சொன்னபோது, நம் துணைவியார் முற்றத்துக் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

வெள்ளத்தை மட்டும் நகரின் குறையாகக் கூற நமக்கு உரிமை இல்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. அப்போது பள்ளிவாசல்கள் சமய வேறுபாடின்றி மக்களுக்கு இடமளித்ததையும், இளைஞர் பலர் சமைத்துச் சுமந்ததையும் நன்றியோடு நினைக்கிறோம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலால் மீண்டும் சென்னை நீரில் நின்றது. 'பார்த்தாயா, நாம் இங்கே பாதுகாப்பாக இருக்கிறோம்' என்று மகளிடம் பேசி இரு வாரங்கள்கூட ஆகவில்லை. அதே மாதம் 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று! ஓராண்டில் பெய்ய வேண்டியதற்கும் மேலான மழை ஒரே நாளில் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, அதிலிருந்த பயணியர்க்கு அருகிலுள்ள புதுக்குடி ஊரார் சமைத்து உணவளித்துக் காத்தனர். வானம் ஊருக்கும் நகருக்கும் வேற்றுமை பார்ப்பதில்லை. மனிதரின் ஈரமும் அவ்வாறே என்பதை அம்மாதம் நமக்குக் கற்பித்தது.

மூன்றாவது தொலைவு. 2023 இறுதியில் பேருந்து நிலையம் கிளாம்பாக்கத்துக்குப் பெயர்ந்தது. அங்கிருந்து நம்மவர் மிகுதியாக வாழும் மண்ணடியை அடைய 30 கிலோமீட்டருக்கும் மேலாக நகருக்குள்ளேயே பயணம் செய்ய வேண்டும். மருமகனின் பணியிடம் தென்கோடியில். நம் உறவினர் கடைகள் வடகோடியில். ஒரே நகரில் வாழ்ந்தும், நோன்புப் பெருநாளன்றி ஒருவரையொருவர் காணாத உடன்பிறந்தாரை நாம் அறிவோம். நகர் வளர்கிறது என்றால் அதனுள் வாழ்வார்க்கு இடையேயுள்ள தொலைவும் வளர்கிறது என்பதே பொருள்.

ஊர் என்னும் சாட்சி

நம் ஊரில் ஒருவன் காலையில் பஜ்ர் தொழுகைக்கு வரவில்லையென்றால் பொழுது ஏறுமுன் வீட்டு வாசலில் நலம் கேட்பார் நால்வர் நிற்பர். பெண்டிர் தெருவுக்கு வாராமலே முடுக்குகளின் வழியாக ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குச் சென்று வருவர். ரஜப் மாதத்தில் புகாரி ஷரீஃப் ஓதும் மஜ்லிஸ் ஊரையே ஓர் அவையாக்கிவிடும். திருமண வீட்டில் ஒரே சஹனில் சேர்ந்துண்ணும்போது செல்வரும் எளியரும் ஒரே சோற்றில் கைவைப்பர். அண்டை வீட்டார்க்கு வாரிசுரிமையே ஆக்கிவிடுவாரோ என்று எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டார் உரிமையை வலியுறுத்தி வந்ததாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். அவ்வுரிமையை ஏட்டில் படிக்குமுன்னரே தெருவில் கற்றவர் நாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நலம் கேட்கும் அதே ஊர் குறையும் கேட்கும். யார் வீட்டுப் பெண் எவ்வளவு படிக்கிறாள், ஏன் இன்னும் மணமாகவில்லை, எதற்காக வேலைக்குச் செல்கிறாள் என்று அளந்துகொண்டே இருக்கும். நம் மகள் முதன்முதலாக வேலைக்குச் சென்றபோது அவ்வினாக்கள் அனைத்தும் நம் வாசலுக்கு வந்தன. நகரில் அவளை எவரும் வினவவில்லை. அறிந்தார் இல்லாமை முதியவர்க்கு அச்சம் தருவது. இளையவர்க்கு அதுவே மூச்சுவிட இடந்தருவது. ஒரே பொருள் இருவர் தட்டிலும் வெவ்வேறு எடை காட்டுகிறது.

ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது மக்கள் அவரைப் பற்றி நன்மை கூறினர். அந்நன்மையை உறுதிப்படுத்திய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், 'நீங்கள் பூமியில் அல்லாஹ்வின் சாட்சிகள்' எனப் பொருள்பட மொழிந்தார்கள் என்பது ஹதீஸ். நம் வயதில் இக்கருத்து அடிக்கடி நினைவுக்கு வருகிறது. முன்பின் அறியாத நகரில் நாம் கண்மூடினால் தோள் கொடுப்பார் வருவர். 'இவரை அறிவோம்' என்று சொல்வார் வருவரா? பட்டணம் வேண்டாம் என்று நம் உள்ளம் வாதிட்ட வாதங்களுள் வலியது இதுவே.

வீடு யாருடையது?

காயலிலும் கீழக்கரையிலும் மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வது வழக்கம். வீடு மகளுக்கே கொடுக்கப்பெறும். நாமும் அவ்வாறு வந்தவரே. ஆகவே நாம் வாழும் வீடு சட்டப்படியும் மரபுப்படியும் நம்முடையதன்று. துணைவியாரின் உம்மா அவருக்குக் கொடுத்தது. அவர் நம் மகளுக்குக் கொடுத்துவிட்டது. இவ்வாறிருக்க, போவதா இருப்பதா என்று நாம் பக்கம் பக்கமாய் ஆராய்ந்துகொண்டிருந்தோம்; உரியவர் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் மகள் தொலைபேசியில், 'வீட்டைப் பூட்டினால் என்ன உம்மா? திறவுகோல் நம்மிடந்தானே இருக்கும்?' என்றாள். அதற்குத் துணைவியார், 'திறவுகோல் இருப்பது வேறு. விளக்கு எரிவது வேறு' என்றார். நம் தெருவிலேயே பூட்டிய வீடுகள் ஏழு இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை பெருநாளுக்குத் திறந்து, கரையானைத் தட்டிவிட்டு, மீண்டும் பூட்டிச் செல்கின்றனர். அவ்விடையோடு பேச்சு முடிந்தது என்றே நாம் எண்ணினோம்.

முடியவில்லை. சில நாள் கழிந்து, இரவு உணவுக்குப் பின் அவரே தொடங்கினார். 'பெண்ணுக்கு வீடு ஏன் கொடுக்கிறோம்? நாளை எது நேர்ந்தாலும் அவள் பிறர் வாசலில் நிற்கக்கூடாது என்பதற்காக. என் உம்மா காலத்தில் வீடுதான் காப்பு. இன்று இவளுக்கு வேலையும் காப்பு. வீட்டைக் காக்கிறேன் என்று வேலையைப் போகவிட்டால், கொடுத்த கையாலேயே பறித்ததாகும். மகள் உம்மாவைப் பிரியக்கூடாது என்பதுதான் நம் வழக்கம். இந்தச் சுவரைப் பிரியக்கூடாது என்பதன்று.'

நாம் இலக்கியத்திலும் வரலாற்றிலும் தேடியதை அவர் தம் வழக்கத்திலேயே கண்டெடுத்தார். மரபு என்பது கட்டடம் அன்று. கட்டடம் எதற்காக எழுப்பப்பெற்றதோ அந்த நோக்கமே மரபு. பெண்ணைத் தனித்து விடாமைதான் நம் ஊர் வழக்கின் உயிர் எனின், மகள் வாழும் இடத்துக்குத் தாய் செல்வதும் அவ்வழக்கைக் காப்பதேயாகும்.

நம் முடிவும் அதன் வரம்புகளும்

ஆகவே செல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். அம்முடிவைச் சில வரம்புகளுக்கு உட்படுத்தியிருக்கிறோம். நம் மாணவர்க்கும் அவை பயன்படலாம் என்பதால் இங்குக் கூறுகிறோம்.

முதலாவது, வீட்டைப் பூட்டுவதில்லை. துணைவியாரின் தங்கை மகள் குடும்பம் வாடகை வீட்டில் இருக்கிறது. அவர்கள் இங்கு வந்து வாழ்வர். வாடகை வேண்டா, விளக்கெரிந்தால் போதும். இரண்டாவது, நகரில் அறைகளின் அளவையும் மாடியின் அழகையும் பார்த்து வீடு தேடுவதில்லை. பள்ளிவாசலும் மருத்துவரும் மூத்த பேத்தியின் பள்ளியும் நடந்து செல்லும் தொலைவில் இருத்தல் வேண்டும். மருமகன் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்ய இசைந்துள்ளார். மழைநீர் தேங்கும் இடமா என்று அத்தெருவில் நெடுநாள் வாழ்பவரை வினவிய பின்னரே முன்பணம் கொடுத்தல் வேண்டும். ஏரியாகவும் சதுப்பாகவும் இருந்த இடங்கள் பல அந்நகரில் வீட்டு மனைகளாயின. 2022இல் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பே முன்னாளில் இருந்ததன் ஒரு பகுதிதான். நீர் தன் பழைய முகவரியை மறப்பதில்லை. மூன்றாவது, ரஜபிலும் ரமலானிலும் ஊருக்கு வந்துவிடுவது. ஓர் இரவுத் தொடர்வண்டிப் பயணம் பெருந்தொலைவன்று. நான்காவது, ஈராண்டு கழித்து இம்முடிவை மீண்டும் எடைபோட்டுப் பார்ப்பது. அப்போது துணைவியாரின் சொல்லே இறுதியானது.

மாணவர்கள் நம்மைவிட இளையவர்கள். அவர்கள் எடைபோட வேண்டியவை வேறாக இருக்கும். பணி தேடிச் செல்பவர்க்கு நாம் நினைவூட்ட விரும்புவது ஒரு வரலாற்று நிகழ்ச்சி. 622ஆம் ஆண்டு மக்காவைத் துறந்து யத்ரிபுக்கு வந்த முஹாஜிர்களை அவ்வூர் அன்ஸாரிகளோடு சகோதரராக இணைத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ, அவருக்கு வாழ்த்துக் கூறிவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள்; பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கினார்கள். வந்தவர்க்கு அழகு சந்தைக்கு வழி கேட்பது. இருந்தவர்க்கு அழகு பாதியைத் தர முன்வருவது. இவ்விரண்டும் கூடியதால்தான் யத்ரிப் என்னும் ஊர் மதீனா ஆயிற்று. மதீனா என்ற சொல்லுக்கே நகரம் என்பதுதான் பொருள். உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தின் மூன்றாம் காண்டத்துக்கு ஹிஜுறத்துக் காண்டம் எனப் பெயரிட்டது, அப்பெயர்ச்சியின் பெருமை கருதியே.

நகரில் முன்னரே குடியேறிய நம்மவர், புதிதாய் வருவோர்க்கு அன்ஸாரிகளாக இருத்தல் வேண்டும். வீடு தேடுபவர் எச்சமயத்தவராயினும் அவர்க்காக ஒரு சொல் சொல்லுதல் வேண்டும். கோவலனுக்கு மதுரைக் கடைவீதியில் கிடைக்காத அந்த ஒரு சொல்லை நாம் ஒவ்வொருவரும் பிறர்க்குச் சொல்வோமாயின், எந்நகரும் நமக்கு அயலூர் ஆகாது.

மதீனா சென்றடைந்த புதிதில் பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சலுற்று, மக்காவின் நறும்புல்லையும் நீர்த்துறையையும் மீண்டும் காண்போமா என்று ஏங்கினார்கள். அவ்வேக்கத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. மாறாக, 'மக்காவை நாங்கள் நேசிப்பது போல, அல்லது அதனினும் மிகுதியாக, மதீனாவையும் எங்கள் நேசத்துக்குரியதாக ஆக்குவாயாக' எனும் கருத்தமைய இறைவனிடம் இறைஞ்சினார்கள். பழைய ஊரை மறக்கச் செய் என்று கேட்கவில்லை. புதிய ஊரையும் நேசிக்கும் உள்ளத்தையே கேட்டார்கள். குடிபெயரும் ஒவ்வொருவர்க்கும் இதனினும் பொருத்தமான வேண்டுதல் இல்லை. நாமும் அதனையே வேண்டுகிறோம். வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.